படகு பாலிஷுக்கு முதலில் பேடைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மங்கிப்போன ஃபைபர் படகைப் பழையபடி மின்ன வைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கழுவுவது பற்றியும் மெழுகு பூசுவது பற்றியும் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முக்கியமான வேலையான மெஷின் பாலிஷை, வேகமான மெஷினும் நல்ல காம்பவுண்டும் (தேய்த்து அறுக்கும் துகள் கலந்த பசை) இருந்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த வரியை நம்பி இறங்குகிறவர் படகைக் கெடுத்துக்கொள்வார். மெஷினின் முகத்தில் மாட்டித் தேய்க்கும் வட்ட மெத்தையான பேட் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. படகைத் தொடுவது பேட்தான். மெஷின் அதைச் சுழற்றுகிறது, காம்பவுண்ட் அதில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பை மெல்லிசாக அறுக்கிறது, அவ்வளவே. ஒரே காம்பவுண்டைக் கம்பளி பேடில் போட்டால் ஒரு விளைவு, மெத்தென்ற ஃபோம் பேடில் போட்டால் முற்றிலும் வேறு விளைவு. ஆகவே மேற்பரப்பைப் பார்த்துப் பேடை முடிவு செய்து, பேடுக்கு ஏற்ற மெஷினைப் பார்த்து, காம்பவுண்டைக் கடைசியில் வாங்குவதுதான் முறை.

மேற்பரப்பிலிருந்தே ஆரம்பிப்போம். ஃபைபர் படகின் நிறம் பெரும்பாலும் பெயின்ட் கிடையாது, ஜெல்கோட். நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசின் அது. அச்சில் முதலில் அதை அடித்துவிட்டு, அதன்மேல்தான் கண்ணாடியிழையைப் படிய வைப்பார்கள். பொதுவாக அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் இருக்கும். காரின் மேல்பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். அதோடு ஒப்பிட்டால் ஜெல்கோட்டில் அறுக்க நிறைய இடம் உண்டு. ஆனால் அது காரின் கிளியர் கோட்டைவிட நுண்துளைகள் அதிகம் உள்ளது. வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினைச் சிதைக்கும்போது மேலே சாக்பீஸ் தூள் மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. கறுப்புத் துணியால் தேய்த்தால் துணியில் வெள்ளையாக ஒட்டுவது இதுதான். அந்தச் செத்த படலத்தை எடுத்தால்தான் அடியில் இருக்கும் நல்ல ஜெல்கோட் தெரியும்.

படகுக்கு ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்தால் கதை வேறு. சந்தேகம் இருந்தால் எங்காவது சில்லு பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். அடியில் வேறு நிறத்தில் பிரைமர் (அடிப்பூச்சு) வரி தெரிந்தால் அது பெயின்ட். ஒரே நிறம் கண்ணாடியிழை வரை போனால் ஜெல்கோட். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் வகைகள் சிலவற்றில் பளபளப்பு முழுக்க மேல்தோலில்தான் இருக்கிறது. காம்பவுண்ட் போட்டு அந்தத் தோலைக் கிழித்தால் அன்றைக்கு மின்னும், பிறகு முன்னைவிட வேகமாக மங்கும். அக்ரிலிக் சேர்ந்த வகைகள் பாலிஷைத் தாங்கும். எந்த வகை என்று பெயின்ட் கம்பெனியின் தாளில் பார்க்காமல் அதில் மெஷினை வைக்கவே கூடாது. கீழே சொல்வதெல்லாம் ஜெல்கோட்டுக்கு.

எவ்வளவு மங்கியிருக்கிறது என்று கண்ணால் ஊகிக்க வேண்டாம். ஒரு ஸ்கேலின் முனையைப் படகின் பக்கச்சுவரில் நேராக ஊன்றி, சுவரில் விழும் பிம்பத்தில் எத்தனையாவது சென்டிமீட்டர் வரை எண்ணைப் படிக்க முடிகிறது என்று பாருங்கள். புதுப் படகில் ஸ்கேல் முழுவதும் தெரியும். 2, 3 செ.மீ.க்குள் எண்கள் கரைந்துபோனால் வேலை பெரிது. அணியத்தில் (முன்பக்கத்தில்) ஒன்று, நடுவில் ஒன்று, பின்பலகையில் ஒன்று என்று மூன்று இடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் படும் பக்கம் எப்போதும் மோசமாக இருக்கும். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி பார்த்தால் முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

அடுத்தது சோதனைக் கட்டம். அழுக்கையும் பழைய மெழுகையும் முழுதாக எடுத்த பிறகு, சுமாரான மோசத்தில் உள்ள ஓர் இடத்தில் 60-க்கு 60 செ.மீ. கட்டம் ஒன்றை மாஸ்கிங் டேப்பால் கட்டிக்கொள்ளுங்கள். மிக மென்மையான சேர்க்கையை முதலில் போட வேண்டும்: ஃபோம் பேடும் பாலிஷும் (காம்பவுண்டைவிட நைசான பசை). போதவில்லையா, அதே பேடில் காம்பவுண்ட். அதுவும் போதவில்லையா, கம்பளி பேடில் காம்பவுண்ட். அதற்கும் மசியாவிட்டால்தான் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). இந்த ஏணியில் எந்தப் படியில் மேற்பரப்பு தெளிகிறதோ, அந்தப் படியிலிருந்துதான் படகு முழுவதற்கும் ஆரம்பிக்க வேண்டும். பலர் செய்வது தலைகீழ். கையில் இருப்பதிலேயே முரட்டுப் பேடில் ஆரம்பித்துவிட்டு, அது போட்ட கீறலை எடுக்க மூன்று நாள் உழைக்கிறார்கள்.

பேடுகளில் கம்பளிக்குத்தான் முதல் இடம், ஜெல்கோட் வேலையில் அதைத் தவிர்க்க முடியாது. நாரும் நாருமாக இருப்பதால் சூட்டைத் தேக்காது, வேகமாக அறுக்கும். அதிலும் வகை இருக்கிறது. முறுக்கிய நூல் வகைதான் அதிகம் அறுப்பது. கையில் தொட்டால் சின்னச் சின்னக் கயிறுகளாக உணரலாம். சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்ட ஜெல்கோட்டுக்கும், வாட்டர் பேப்பர் கீறலை எடுப்பதற்கும் அது. முறுக்காத, ஆட்டுத்தோலில் உள்ளதைப் போல மெத்தென்ற கம்பளி அதைவிட மென்மை. நடுத்தர மங்கலுக்கு அதுவே போதும். கம்பளி இழையும் செயற்கை இழையும் கலந்த பேடும் கிடைக்கிறது, இரண்டுக்கும் இடைப்பட்டது. இரண்டு பக்கமும் கம்பளி உள்ள பேடை ஓர் அடாப்டரில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். பெரிய பரப்புக்கு அது நல்ல தேர்வு, ஏனென்றால் நட்டு பேடுக்குள் மறைந்திருப்பதால் விளிம்பில் பிளாஸ்டிக் தட்டு இடித்துப் படகைக் கீறும் ஆபத்து இல்லை.

புதுக் கம்பளி பேட் முதலில் நூல் உதிர்க்கும். படகில் வைப்பதற்கு முன் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பேட் சுத்தம் செய்யும் பல்சக்கரத்தை நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டு மூன்று தடவை இழுத்து உதிர்வதை உதிர்த்துவிடுங்கள்.

ஃபோம் பேடைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு நிறப் பேட் அறுக்கும் வகையாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு கடைசி மெருகுக்கானதாக இருக்கும். நிறத்துக்குப் பொதுவான விதியே கிடையாது. விரலால் அழுத்திப் பாருங்கள். உடனே திமிறி எழுந்தால் கெட்டி, அறுப்பதற்கு. விரல் ஆழமாகப் புதைந்தால் மெருகுக்கு. துளை திறந்த ஃபோம் சூட்டை வெளியேற்றும், ஆனால் காம்பவுண்டைக் கொஞ்சம் குடிக்கும். துளை மூடிய ஃபோம் காம்பவுண்டை மேலேயே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் சூடாகும். தடிமனும் முக்கியம். ஆடிக்கொண்டே சுழலும் மெஷினில் தடித்த ஃபோமைப் போட்டால் மெஷினின் ஆட்டத்தை ஃபோமே விழுங்கிவிடும், படகுக்கு எதுவும் போய்ச் சேராது. அதற்குச் சுமார் 25 மி.மீ. தடிமனுள்ள, நடுவில் துளையுள்ள பேட் நல்லது.

மைக்ரோஃபைபர் பேட் ஃபோமைவிட வேகமாக அறுக்கும், கம்பளியைவிடக் குறைவான சுழிக் கீறல் விடும். தட்டையான இடங்களுக்கு அருமையானது. வளைவில் அழுத்தினால் விளிம்பு சூடாகிப் பேட் பிரிந்துவிடும். ஜெல்கோட் தூளும் அதில் சீக்கிரம் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

பேடுக்குப் பின்னால் இருக்கும் பேக்கிங் பிளேட்டை யாரும் கவனிப்பதில்லை. பிளேட் பேடைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 150 மி.மீ. பேடுக்கு 125 மி.மீ. பிளேட். பேடை நடுவில் சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் தள்ளி ஒட்டினால் மெஷின் கையில் உதறும், பிளேட்டின் ஓரம் வெளியே நீட்டி படகில் உரசி அரைவட்டத் தழும்பு போடும். மெஷினின் மரையையும் பார்த்து வாங்குங்கள். சில மெஷின்களில் 14 மி.மீ. மெட்ரிக் மரை, சிலவற்றில் ஐந்தெட்டாம் அங்குல மரை. ஒன்றுக்கு ஒன்று சேராது.

இனி மெஷின். கட்டுரையோடு வந்த படத்தில் ஆங்கிள் கிரைண்டரில் கம்பளி பேடை மாட்டிப் படகின்மேல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அந்தப் படம்தான். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். 125 மி.மீ. பேடின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 72 மீட்டர் போகிறது. ரோட்டரி பாலிஷ் மெஷினில் 200 மி.மீ. பேடை 1,500 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 16 மீட்டர் கூட வராது. நாலரை மடங்கு வேகத்தில் காம்பவுண்ட் தெறித்துக் காய்ந்துவிடும், ஜெல்கோட் கருகி மஞ்சளாகும், பேட் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். பாலிஷ் பேட்கள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையே அல்ல. ஒவ்வொரு பேடுக்கும் பிளேட்டுக்கும் உச்ச வேகம் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது.

ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுழல்வது. 600 முதல் 3,000 சுற்று வரை வேகம் மாற்றும் வசதியும், விசையை அழுத்தினால் மெதுவாகத் தொடங்கும் வசதியும், சுமை ஏறினாலும் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். வாட் 1,000-க்குக் கீழே போனால் பெரிய கம்பளி பேடைச் சுழற்றத் திணறும். மங்கிய ஜெல்கோட்டை அறுக்க இதைவிட வேகமான வழி இல்லை. குறையும் உண்டு: சூடு ஒரே இடத்தில் சேரும், கம்பளி பேட் வட்ட வட்டமான சுழிக் கீறல்களை விட்டுப்போகும்.

டியூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே ஆடும். அந்த ஆட்டத்தின் அளவு 8, 15, 21 மி.மீ. என்று வரும். பெரிய தட்டையான பக்கச்சுவருக்கு 21, வளைவும் மடிப்பும் நிறைந்த படகுக்கு 15 அல்லது 8. ஒரே இடத்தில் சூடு சேராது, சுழிக் கீறல் அநேகமாக விழாது. ஆனால் வளைவில் ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் பேட் சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். சத்தம் அப்படியே இருப்பதால் கைக்குத் தெரியாது. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுழல்வது கண்ணில் பட்டால் வேலை நடக்கிறது, ஒரே இடத்தில் நடுங்கினால் அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைப் படிய வையுங்கள். உள்ளே கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும் டியூயல் ஆக்‌ஷன் மெஷின்களும் உண்டு. அவை நிற்காது, நன்றாக அறுக்கும், கையை நடுங்க வைக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது என்று கேட்பார்கள். படகு மூன்று நாலு வருடம் வெயிலில் கிடந்து சாக்பீஸ் ஆகிவிட்டதென்றால் ரோட்டரி. வருடாவருடம் பராமரித்து வரும் படகென்றால் 15 மி.மீ. டியூயல் ஆக்‌ஷன். கைப்பழக்கம் இல்லாதவர், எந்தப் படகானாலும் டியூயல் ஆக்‌ஷனில் தொடங்குவது நல்லது. நேரம் இரட்டிப்பாகும், ஆனால் தவறு திருத்தக்கூடிய அளவில் நிற்கும். கரும் நீலம், கறுப்பு, சிவப்பு படகுகளுக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் ரோட்டரி போட்ட சுழிக் கீறல் வெள்ளைப் படகில் தெரியாது, நீலப் படகில் வெயில் பட்டதும் சிலந்தி வலை போலத் தெரியும். ஜன்னல் ஓரம், கம்பிக்கால் அடி, எழுத்துகளுக்கு நடுவில் போக 75 மி.மீ. பேட் போடும் சிறிய மெஷின் கூடுதலாக இருந்தால் பாதி எரிச்சல் குறையும்.

படகின் பக்கச்சுவர் நின்றுகொண்டிருக்கும் சுவர் என்பதை மறக்கக் கூடாது. கார் பானட்டில் மெஷினின் எடையே அழுத்தம் கொடுக்கும். இங்கே முழு எடையையும் கை தாங்கிக்கொண்டு, அழுத்தமும் கை கொடுக்க வேண்டும். 3.5 கிலோ மெஷினை நெஞ்சு உயரத்தில் நாலு மணி நேரம் பிடிப்பது லேசானதல்ல. களைத்த கை பேடைச் சாய்க்கும், சாய்ந்த பேட் கருக்கும். உங்கள் கை தாங்கும் எடையைப் பார்த்து மெஷின் வாங்குங்கள். சாரம் கட்டியோ பலகை போட்டோ வேலை செய்யும் இடம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வருமாறு ஏற்பாடு செய்யுங்கள். அழுத்தம் எவ்வளவு என்று தெரியாவிட்டால், மெஷினை நிறுத்திவிட்டு, எடை பார்க்கும் தராசில் பேடை வைத்து அழுத்திப் பாருங்கள். 5 கிலோவைச் சுற்றி இருந்தால் டியூயல் ஆக்‌ஷனுக்குப் போதும். ரோட்டரிக்கு அதைவிடக் குறைவு.

பேட்டரி மெஷின் தண்ணீர் ஓரத்தில் பாதுகாப்பு, ஒயர் இழுபறியும் இல்லை. ஆனால் காம்பவுண்ட் வேலையின் சுமையில் ஒரு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தது மூன்று பேட்டரி மாற்றி மாற்றிப் போட்டால்தான் வேலை நிற்காது. ஒயர் மெஷின் என்றால், மின்கசிவு வந்தால் உடனே அறுக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் போட வேண்டும். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் சட்டை, கழுத்துத் துண்டு, படகில் கட்டிய கயிறு, எதுவும் பேடுக்கு எட்டக் கூடாது. நூல் ஒன்று மாட்டினால் போதும், மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எத்தனை பேட் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 7 மீட்டர் படகு, தண்ணீருக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் பின்பலகையும் சேர்த்து ஏறக்குறைய 16 சதுர மீட்டர். 60 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் 44 கட்டம் வரும். கட்டத்துக்கு 5 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்றே முக்கால் மணி நேரம், பேட் சுத்தம் செய்யும் நேரம் தனி. கட்டத்துக்கு 8 முதல் 10 மி.லி. காம்பவுண்ட் என்றால் அரை லிட்டருக்குள் அடங்கும். இதற்கு கம்பளி பேட் மூன்று, மெருகு ஃபோம் பேட் நாலு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேடை வைத்து முழுப் படகையும் முடிப்பது பேராசை. பேட் நனைந்து, சூடேறி, தூள் அப்பிக்கொண்டதும் அறுப்பதை விட்டுவிட்டு வெறுமனே தேய்க்கும்.

அந்த நிலைமையைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள கம்பளி பேடில் நூல்கள் தனித்தனியாக நிற்கும், விரலை ஓட்டினால் புல் மாதிரி சாய்ந்து எழும். காம்பவுண்டும் ஜெல்கோட் தூளும் சேர்ந்து இறுகியதும் நூல்கள் பத்துப் பத்தாகப் பிசினில் ஒட்டிய மாதிரி சேர்ந்து, நுனியில் காய்ந்த சாம்பல் நிற உருண்டை கட்டிவிடும். நகத்தால் சுரண்டினால் கரகரவென்று இருக்கும். அந்த உருண்டைகள்தான் பேட் நகரும் இடமெல்லாம் ஆழமான ஒற்றைக் கீறல் போடுபவை. காம்பவுண்ட் சரியில்லை என்று டப்பாவைத் திட்டுவார்கள், குற்றவாளி பேடில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு இரண்டு மூன்று கட்டத்துக்கும் பல்சக்கரத்தால் கம்பளியைச் சீவுங்கள். சுமார் 1,000 சுற்றில் ஓடவிட்டு, பேட் நம்மை விட்டு எதிர்ப்பக்கம் பார்க்க, நடுவிலிருந்து விளிம்புக்கு. பறக்கும் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது, கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோம் பேடில் பல்சக்கரம் வைத்தால் கிழியும், அதற்கு நைலான் பிரஷ். கம்பளிக்கு அதிகம் காம்பவுண்ட் ஊற்றுவதும் இதே கோளாறில்தான் முடியும்.

ரோட்டரியை ஓட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். காம்பவுண்டைப் பேடில் போடாமல் படகின் கட்டத்தில் ஒரு கோடாக இழுத்து, மெஷினை நிறுத்தியபடியே பேடால் அப்பி, 600 சுற்றில் பரப்பி, பிறகு 1,200 முதல் 1,500 வரை ஏற்றலாம். புதுப் பேட் என்றால் முதலில் முகம் முழுவதும் மெல்லிசாகத் தடவிக்கொள்ள வேண்டும். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூடிக்கொண்டு, மொத்தம் நாலு முதல் ஆறு தடவை. நகர்த்தும் வேகம் நொடிக்கு 3 செ.மீ. அளவுக்கு மெதுவாக இருக்கட்டும். முதலில் வெள்ளைப் பாலாகத் தெரியும் காம்பவுண்ட், தூள் நுணுங்க நுணுங்க மெல்லிய எண்ணெய்ப் படலம் போலத் தெளியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு முன்பே துடைத்துவிட்டால் முரட்டுக் கீறல் மிச்சம் இருக்கும், அதையும் தாண்டி ஓட்டினால் காய்ந்து உரசும். கையின் பின்புறத்தை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியாத சூடு என்றால் வேகத்தைக் குறைத்து வேறு கட்டத்துக்குப் போய்விட வேண்டும். நேர் வெயிலில் இந்த வேலை நடக்காது, காம்பவுண்ட் பரப்புவதற்குள் காய்ந்துவிடும். நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் வேலை.

விளிம்புகளில் ஜெல்கோட் மெல்லிசு, அழுத்தமோ அங்கேதான் குவியும். அடிப்பக்க மடிப்பு, மேல்விளிம்பு, மூலைகள் எல்லாவற்றிலும் முதலில் டேப் ஒட்டிவிட்டு, நடுப்பரப்பு முடிந்த பிறகு டேப்பை எடுத்து, மெத்தென்ற பேடில் லேசாக ஓரிரு தடவை ஓட்டினால் போதும். ரோட்டரியில் பேட் சுழலும் திசை விளிம்பை விட்டு வெளியே போகுமாறு பிடிக்க வேண்டும். விளிம்பை நோக்கி உள்ளே வந்தால் பேட் மாட்டி உதைக்கும், ஒரே நொடியில் நிறம் போய்க் கண்ணாடியிழையின் பச்சை கலந்த பழுப்பு தெரியும். அதைப் பாலிஷால் மீட்க முடியாது, ஜெல்கோட் வைத்து ஒட்டுப்போட வேண்டியதுதான். ரப்பர் பட்டை, தேக்கு மரம், ஸ்டிக்கர், கதவு இடுக்கு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ரப்பரில் ஏறிய வெள்ளைக் காம்பவுண்ட் எளிதில் போகாது.

வாட்டர் பேப்பருக்கு வருவோம். கம்பளியும் காம்பவுண்டும் சேர்ந்து இரண்டு சுற்று ஓடியும் தெளியாத இடத்துக்குத்தான் அது. 1000 நம்பர் தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், 2000 நம்பரில் சுமார் 10 மைக்ரான். 1000-த்தில் ஆரம்பித்தால் 1500, 2000 என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், ஒவ்வொன்றையும் முந்தையதுக்குக் குறுக்குத் திசையில் தேய்க்க வேண்டும். பழைய திசைக் கோடுகள் முழுதாக மறைந்தால்தான் அடுத்த தாள். 1000-த்திலிருந்து நேராகக் கம்பளிக்குத் தாவினால் மினுமினுப்புக்கு அடியில் கோடுகள் புதைந்து நிற்கும். காம்பவுண்ட் டப்பாவில் எத்தனை நம்பர் கீறலை எடுக்கும் என்று போட்டிருப்பார்கள், கடைசித் தாள் அதைவிட நைசாக இருக்கட்டும். பழைய பெயர் ஸ்டிக்கரை உரித்த இடத்தில் எழுத்து நிழலாகத் தெரிகிறதென்றால், அந்த இடத்து ஜெல்கோட் வெயில் படாமல் தப்பியது, சுற்றியிருப்பது தேய்ந்தது. அங்கே சுற்றுப்புறத்தைத் தாள் போட்டுச் சமன் செய்ய வேண்டும், எழுத்தின்மேல் மட்டும் தேய்ப்பதால் பயனில்லை.

முடிந்ததும் மின்னும், மூன்று வாரத்தில் பழைய கீறல் எல்லாம் திரும்பி வந்து நிற்கும். இது பலர் சொல்லும் புகார். சில காம்பவுண்ட்களில் எண்ணெயும் நிரப்புப் பொருளும் இருக்கும், கீறலை எடுக்காமல் மூடிவைக்கும். கண்டுபிடிக்க வழி எளிது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம பாகம் கலந்து அந்தக் கட்டத்தைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். துடைத்த பிறகும் தெளிவாக இருந்தால்தான் வேலை முடிந்தது. ஒவ்வொரு படியின் முடிவிலும் இதைச் செய்யாமல் அடுத்த பேடுக்குப் போகாதீர்கள்.

கம்பளி விட்ட சுழிக் கீறலை எடுப்பது கடைசிப் படி: டியூயல் ஆக்‌ஷன் மெஷின், மெருகு ஃபோம் பேட், பாலிஷ், குறைந்த அழுத்தம். காம்பவுண்ட் பட்ட பேடை இதற்குத் தொடவே கூடாது. எந்தப் பேடில் எந்த மருந்து என்று பின்பக்கம் மார்க்கரால் எழுதி, தனித்தனிப் பையில் வையுங்கள். ஸ்டீல் கம்பிகளைப் பாலிஷ் போட்ட பேடை ஜெல்கோட்டில் வைத்தால் கறுப்பாக இழுக்கும். பிறகு மெழுகோ சீலன்ட்டோ பூச வேண்டும். அதற்கு மெஷினே தேவையில்லை, கை போதும். ஆனால் அதைப் பூசாமல் விட்டால் புதிதாகத் திறந்த ஜெல்கோட் மறுபடி வேகமாக மங்கும்.

வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகச் செய்த தளத்தில் பேட் வேண்டாம். மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டு, பள்ளத்தில் காம்பவுண்டை நிரப்பும். அங்கே பிரஷ்தான், மெழுகும் கூடாது, கால் வழுக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பாசி பிடிக்காமல் அடிக்கும் பெயின்ட்டுக்கும் பாலிஷ் கிடையாது. பேட் தவறிப்போய் அதில் பட்டால் அந்தச் சிவப்பையோ கறுப்பையோ மேலே இழுத்துப் பூசிவிடும், அதன் தூளும் நஞ்சு. நீர்மட்டக் கோட்டில் இரண்டு வரிசை டேப் ஒட்டுங்கள். முடி போல ஓடும் விரிசல் உள்ள இடத்தில் வெள்ளைக் காம்பவுண்ட் புகுந்தால் நீலப் படகில் வெள்ளைக் கோடாக நிலைத்துவிடும். விரிசலை முதலில் சரி செய்துவிட்டுப் பிறகு பாலிஷ்.

வேலை முடிந்த அன்றே பேடைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கொதிக்கும் தண்ணீரோ சூடான உலர்த்தியோ பட்டால் கம்பளி சுருங்கும், வெல்க்ரோ ஒட்டிய பசை விடும். பிழிந்து, காலி வாளிக்குள் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் சிதறிப் போய்விடும். ஃபோமை முகம் கீழே பார்க்க நிழலில் காய வையுங்கள். ஓரம் கிழிந்த, நடுவில் குழிந்த ஃபோமையும், சீவியும் எழாத கம்பளியையும் தூக்கிப் போடுங்கள்.

கட்டுரையைப் படித்த பலர் விடுமுறையில் வேலையில் இறங்குவார்கள். அதற்குள் ஒரு திருத்தமாவது இணைப்பில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டக் கூடாது, ரோட்டரி மெஷினின் வேகம் 600 முதல் 1,500 சுற்றுக்குள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுதுவேலை செய்யும் வாசகர்கள்